விலகும் வயதும் வீட்டுச் சாவியும்

உத்தியோகத்தினின்றும் விலகிக்கொள்வதற்கு எந்த வயது தக்கது என்னும் கேள்வி, சென்ற தலைமுறை வரையில் நம் தோட்டத்து மக்களிடையே எழுந்ததே கிடையாது. விலகும் வயதைக் கம்பெனியார் குறித்து வைத்திருந்தனர். அதற்கு முன்னரே விலக நேர்ந்தவர்களை நோயோ, பாம்போ, மழைக்காலத்தில் வழுக்கிய காலோ விலக்கி வைத்தது. "இனிப் போதும், வேண்டிய பொருள் சேர்ந்துவிட்டது" என்று தாமே முன்வந்து சொல்லி வேலையை விட்ட பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரையும் நாம் கண்டதில்லை, கேட்டதுமில்லை. அங்ஙனமிருக்க, முப்பத்தைந்து வயதுடைய தோட்டத்துக் கிராணியாகிய நாம், நாற்பத்தைந்தாவது வயதில் விலகிக்கொள்ள எத்தனை இலட்சம் வெள்ளி வேண்டும் என்று இரண்டு மாத காலமாக இரவு பத்து மணிக்கு மேல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம் என்றால் வாசகர்கள் நகைத்தல் கூடும். நகைத்தபின் சற்றே செவி சாய்க்க வேண்டுகிறோம்.

இப்பைத்தியத்தை நமக்குப் பிடிக்கச் செய்தவர் நம் பள்ளித் தோழர் ஒருவர். 2003-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபொழுது, முதற்படிவ வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்து அம்மொழியில் கணக்குப் படித்தவர்கள் நாமிருவரும். பின்னர்க் கல்லூரியிலும் ஆங்கிலமே. அந்த ஆங்கிலம் அவரைச் சிங்கப்பூரில் ஒரு கணினி நிறுவனத்திற்குக் கொண்டு சேர்த்தது. நம்மை, தந்தையார் பால் வெட்டிய தோட்டத்திற்கே திருப்பிக் கொணர்ந்து செக்ரோல் புத்தகத்தின் முன் அமர்த்திற்று. அவர் வாங்கும் சம்பளத்தில் பாதியைச் சேமிக்கிறார். விலைவாசி ஏற்றம் போக நூற்றுக்கு 5 வீதம் வளருமாயின், பாதியைச் சேமிப்பவன் 17 ஆண்டில் விடுதலை பெறலாம் என்பது அவருடைய கணக்கு. "நாற்பத்தைந்துக்கு மேல் நான் எவனுக்கும் சலாம் போடப் போவதில்லை, நீயும் கணக்கைப் போட்டுப் பார்" என்று கைப்பேசியில் எழுதினார். அந்தச் சலாம் என்ற சொல்தான் நம்மைத் தைத்தது.

அவர் அனுப்பிய சூத்திரம் எளியது. ஓராண்டுச் செலவு எவ்வளவோ அதைப்போல் 25 மடங்கு முதல் திரட்டவேண்டும். முதலாண்டில் அதில் நூற்றுக்கு 4 வீதம் எடுத்துச் செலவழித்து, பின்னர் ஆண்டுதோறும் விலைவாசி ஏறுமளவுக்கு அத்தொகையை உயர்த்திக்கொண்டே போனால் முதல் தீராது என்பதாம். பில் பெங்கன் என்னும் அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் இதனை ஆராய்ந்து எழுதினார். 1998-இல் டெக்சாஸ் மாநிலத்து டிரினிட்டி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மூவர் அதனை மேலும் ஆராய்ந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை அமெரிக்கப் பங்குகளும் கடன் பத்திரங்களும். முதல் தாங்கவேண்டிய காலம் 30 ஆண்டு. அறுபத்தைந்தில் விலகுவோனுக்கு முப்பது போதும். நாற்பத்தைந்தில் விலகுவோன், அவன் நல்ல உடம்பினனாயின், நாற்பது ஆண்டுக்கும் மேலாக உண்ணவேண்டுமே! இதனைத் தோழரிடம் கேட்டோம். "அதற்கென்ன, செலவைக் குறை" என்றார். செலவைக் குறைக்கும் கலையைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சிங்கப்பூரிலிருந்து போதிப்பதைக் கண்டு நமக்குச் சிரிப்பு வந்தது.

நிற்க. நம் கணக்கைச் சொல்லுவோம். ஒளிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. நமக்குச் சம்பளம் மாதம் 3,000 வெள்ளி. நம் வாழ்க்கைத் துணைவியார் அருகிலுள்ள சிற்றூரில் பாலர் பள்ளி ஆசிரியை. அவருக்கு 1,700 வெள்ளி. சேமநிதிப் பிடித்தமும் சொக்சோவும் போக இருவர் கைக்கும் வருவது 4,150. தந்தையாருக்கு அனுப்புவது, மகளின் பள்ளிச் செலவு, மோட்டார் வண்டி, மளிகை எல்லாம் சேர்த்து மாதம் 3,200 செலவு. எஞ்சுவது 950. ஓராண்டுச் செலவு 38,400. அதைப்போல் 25 மடங்கு 9,60,000 வெள்ளி. எஞ்சும் 950-ஐ வட்டியின்றி உண்டியலில் போட்டு வந்தால் இத்தொகை சேர 84 ஆண்டுகள் ஆகும். அப்பொழுது நமக்கு வயது 119.

உண்டியலில் யார் போடச் சொன்னார்கள் என்று தோழர் கடிந்துகொண்டார். ஊழியர் சேமநிதியையும் சேர்த்துக் கணக்கிடுமாறு பணித்தார். நம் பங்கு நூற்றுக்கு 11, முதலாளி பங்கு 13, ஆக 24 வீதம். இருவர் பெயரிலும் மாதம் 1,128 வெள்ளி அங்கே சேர்கின்றது. அந்நிதி 2023-ஆம் ஆண்டுக்கு நூற்றுக்கு 5.50-உம் 2024-ஆம் ஆண்டுக்கு 6.30-உம் இலாப ஈவு தந்தது. விலைவாசி ஏற்றம் போக 3 வீதம் நிற்கும் என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டோம். கையிலுள்ள 41,000 வெள்ளியும் சேமநிதியில் இருவருக்கும் உள்ள 1,20,000 வெள்ளியும் முதலாக வைத்துப் பெருக்கினோம். இருபது ஆண்டில் 9,60,000 வந்து நின்றது. நாற்பத்தைந்து கிடைக்கவில்லை, ஐம்பத்தைந்து கிடைத்தது. அதுவும் ஒருவகையில் பொருத்தமே. ஏனெனில் 2024 மே மாதம் முதல் சேமநிதியில் சேரும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் 75 வெள்ளி ஓய்வுக் கணக்கில் போய்ச் சேருகின்றது. அதனை 55 வயது வரையில் தொட முடியாது. ஐம்பத்தைந்தாயினும் சட்டம் விதித்த அறுபதுக்கு ஐந்தாண்டு முன்னதாயிற்றே என்று அன்றிரவு சிறிது மகிழ்ச்சியுடனேயே படுத்தோம்.

மறுநாள் காலையில் தாளைப் பார்த்த துணைவியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வாடகை எங்கே?"

அவ்வரி இல்லாமற் போனதற்குக் காரணம் நாம் வாடகை கொடுப்பதில்லை என்பதே. நாம் குடியிருக்கும் வீடு தோட்டத்து வீடு. நாம் பிறந்ததும் தோட்டத்து லயன் வீட்டில்தான். வாடகை என்னும் சொல் நம் வாழ்நாளில் நம் செலவுப் புத்தகத்தில் ஏறியதே இல்லை. வேலையை விட்ட நாளன்றே அச்சொல் ஏறிவிடும். பக்கத்துச் சிற்றூரில் ஒரு சிறு வீட்டுக்கு மாதம் 1,000 வெள்ளி. ஆண்டுக்கு 12,000, அதைப்போல் 25 மடங்கு 3,00,000. நமக்கு வேண்டிய முதல் 12,60,000 ஆகிவிட்டது. மறுபடியும் பெருக்கினோம். இருபது ஆண்டு இருபத்தைந்து ஆயிற்று. ஐம்பத்தைந்து வயது அறுபதாயிற்று. இரண்டு மாத காலம் ஆங்கிலக் கணிதமெல்லாம் பயன்படுத்தி நாம் கண்டுபிடித்த வயது, 2012-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை முதல் நமக்கு இலவசமாகவே அளித்திருந்த வயதாக முடிந்தது! தோட்டத்து வீட்டின் சாவிக்கு விலை ஐந்தாண்டு ஆயுள் என்பது மட்டும் புதிதாகத் தெரிந்துகொண்டோம்.

சாவி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நம் தந்தையார் 2009-ஆம் ஆண்டில் தம் ஐம்பத்தைந்தாம் வயதில் ஓய்வு பெற்றார். அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் பத்தொன்பது வயதான நாம் ஒருவரே. படித்துச் சொல்லும் பெருமை நமதாயிற்று. இரண்டே பத்திகள். முதற்பத்தியில் முப்பத்தோராண்டு உழைப்புக்கு நன்றி கூறியிருந்தனர். அதனை உரக்கப் படித்தோம். இரண்டாம் பத்தியில் மூன்று மாதத்திற்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்குமாறு எழுதியிருந்தது. அதைத் தமிழில் சொல்ல நமக்கு நெடுநேரம் பிடித்தது. கேட்டுக்கொண்டிருந்த தந்தையார் கோபிக்கவுமில்லை, கலங்கவுமில்லை. "சாவியை எந்தக் கிராணிகிட்டே கொடுக்கணும்னு போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய சேமநிதியில் அப்பொழுது இருந்தது 31,000 வெள்ளி. இது அவருடைய ஊதாரித்தனத்தின் பயனன்று. நாட்கூலிக்காரன் சேமநிதி மழைக்கேற்ப வளருவது. விடியலில் மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை, கூலியில்லையேல் நூற்றுக்கு இத்தனை என்பதும் இல்லை. 1951-இல் சேமநிதிச் சட்டம் வந்தபொழுது அது நம் மக்களுக்குப் பெரிய நன்மையாகவே வந்தது. ஆனால் குறைந்த கூலியின் வீதம் குறைந்ததாகவே இருக்கும் என்பதை எந்தச் சட்டமும் மாற்றவில்லை. ஐம்பத்தைந்தாம் வயதில் ஒருவருக்குக் குறைந்த அளவாக 2,40,000 வெள்ளி இருக்கவேண்டும் என்று சேமநிதி வாரியம் 2019-இல் வரையறுத்தது. மாதம் 1,000 வெள்ளி வீதம் இருபது ஆண்டுக்கு என்பது அதன் கணக்கு. நம் தந்தையார் சேர்த்தது அதில் எட்டில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அம்முழுத் தொகையும், நம் முதல் மாதச் சம்பளங்களும் சேர்ந்து, நாலாம் மாடியில் பழைய மலிவு விலை வீடொன்றை வாங்கின. பின்னர் அவர் ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாகி அறுபத்தாறு வயது வரையில் இரவுக் காவல் இருந்தார். ஓய்வு பெற்ற பின்னர்ப் பதினோராண்டு வேலை!

இப்பொழுது அத்தகைய சாவிகளை வாங்கி அலுவலகச் சுவரிலுள்ள ஆணிகளில் மாட்டுகிறவர் நாமே. ஒவ்வோர் ஆணிக்கும் மேலே ஓர் எண். சென்ற ஆண்டு வந்த சாவியொன்றில் சிவப்பு நூலில் கோத்த ஒரு பாசிமணி இருந்தது. கொடுத்தவர் அதைக் கழற்ற மறந்துபோனார். நாமும் கழற்றவில்லை. அந்த வீட்டில் இப்பொழுது வங்காள தேசத்துத் தொழிலாளர் அறுவர் இருக்கின்றனர். பாசிமணி அவர்களிடத்தில் இருக்கின்றது.

முன்னதாகவே விலக விரும்புதல் சோம்பேறித்தனம் என்று உபதேசிப்பார் உளர். உழைப்பின் மேன்மையைப் பற்றி மேடையேறிப் பேசுவோருள் செம்பனைக் குலையை வெயிலில் தூக்கி லாரியில் எறிந்தவர் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. உடம்பு தேய்ந்த பின்னரும் உழைத்துக்கொண்டேயிருத்தல் ஒரு மேன்மையாயின் அம்மேன்மையை முதலில் அடைந்திருக்க வேண்டியவர் நம் தந்தையார். அவர் முழங்கால் மட்டுமே அதற்குச் சாட்சி. ஓய்வு வேண்டும் என்று கேட்பது மனிதனுடைய நியாயமான விருப்பம். தோட்டத்தில் பிறந்தவன் கேட்டால் மட்டும் அது குற்றமாவதில்லை.

ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. 2020 முதல் 2022 வரையில் பெருந்தொற்றுக் காலத்தில் சேமநிதியினின்றும் முன்கூட்டியே பணம் எடுக்க நான்கு முறை அரசாங்கம் வழி திறந்தது. நாட்டில் எண்பது இலட்சம் பேருக்குமேல் எடுத்தனர். எடுத்த தொகை 14,500 கோடி வெள்ளி. நம் அலுவலகத்துக் கணினியில் பதினெட்டுப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பியவர் நாமே. ஒருவர் கூரை மாற்றினார். ஒருவர் வட்டிக் கடனை அடைத்தார். ஒருவர் பல் கட்டிக்கொண்டார். பெண்ணின் பூப்பு நன்னீராட்டுக்கு மண்டபம் எடுத்தவரும் ஒருவர் இருந்தார்; அவரிடம் நாம் வாதாடித் தோற்றோம். "ஐம்பத்தஞ்சுலே வரப்போற காசுக்காக இப்பவே பல்லில்லாம இருக்கச் சொல்றீங்களா, கிராணியாரே?" என்று பல் கட்டிக்கொண்டவர் கேட்டதற்கு மட்டும் நம்மிடம் பதில் இல்லை. பணம் எதற்காகச் சேர்க்கிறோம் என்பதைச் சேர்ப்பவன் அறியாவிட்டால், 25 மடங்கும் ஒன்றே, பூச்சியமும் ஒன்றே.

எதற்காகச் சேர்க்கிறோம் என்பதை நாம் எப்பொழுது அறிந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது. இதனை எழுதுவதற்கு நமக்கு மனம் கூசுகின்றது.

2017-ஆம் ஆண்டில் ஒருநாள் உரம் போடும் பெண்கள் அறுவர் வயலுக்குச் சென்றனர். பத்தரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டால் மீண்டும் வேலை என்று சொல்லி மண்டோர் அவர்களைப் பன்னிரண்டு மணி வரையில் கொட்டகையிலேயே நிறுத்தி வைத்தார். மழை விடவில்லை. அன்று மாலை, அந்நாளில் நாம் வேலை செய்த தோட்டத்தின் நிர்வாகி நம்மை அழைத்து, அறுவருக்கும் அரை நாள் எழுதும்படி சொன்னார். அவர்கள் நிறுத்தி வைக்கப்பட்ட செய்தி நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நாம் அரை நாள் எழுதினோம். நம் கையெழுத்து நன்றாகவே இருந்தது. ஒருத்திக்குப் பத்தொன்பது வெள்ளி நட்டம். சம்பள நாளன்று அவர்களுள் மூத்தவரான ஓர் அம்மையார், நம் தாயாரோடு ஒரே நிரையில் பால் வெட்டியவர், துண்டுச் சீட்டை நம் முன் வைத்து, "தம்பி, நாங்க பன்னெண்டு மணி வரைக்கும் கொட்டகையிலேதானே இருந்தோம்?" என்றார். "மேலிடத்து உத்தரவு, அம்மா" என்றோம். அவர் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்று நம் வங்கிக் கணக்கில் இருந்தது 900 வெள்ளி. துணைவியார் நிறைமாதக் கர்ப்பிணி. இருந்த வீடு தோட்டத்து வீடு. முடியாது என்று நாம் சொல்லியிருந்தால் வேலை போயிருக்குமோ, போகாதோ, அறியோம். போனால் மறுமாதம் எங்கே படுப்பது என்னும் கேள்வி நம் பேனாவைப் பிடித்து எழுதிற்று. கோழைத்தனத்துக்கு வறுமையைச் சாக்காகச் சொல்லுகிறோம் என்று வாசகர் எண்ணுவாராயின் மறுக்கோம். அவ்விரண்டும் அன்று நம்மிடத்தில் ஒன்றாகவே குடியிருந்தன.

அன்று முதல்தான் சேமிக்கத் தொடங்கினோம். பல ஆண்டு மாதம் இருநூறு, முந்நூறுதான்.

2023-இல், இப்பொழுதுள்ள தோட்டத்தில், பொது விடுமுறை நாளில் ஒன்பது பேர் குலை அறுக்கச் சென்றனர். விடுமுறை நாள் வேலைக்குச் சட்டப்படி மிகுதியான கூலி உண்டு. அதனை மறுநாள் வேலையாக எழுதிவிடும்படி நமக்குச் சொல்லப்பட்டது. "எழுத இயலாது, வேண்டுமாயின் தாங்களே எழுதிக் கையெழுத்திடுங்கள்" என்றோம். நம் குரல் நமக்கே அயலாகக் கேட்டது. நிர்வாகி நம்மைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, "சரி, விடு" என்றார். அவ்வளவே. மழையும் பெய்யவில்லை, இடியும் இடிக்கவில்லை. அவ்வாண்டுச் சம்பள உயர்வில் அலுவலகத்தில் மற்றவர்களுக்கு 90 வெள்ளியும் நமக்கு 40 வெள்ளியும் கிடைத்தது. மாதம் 50 வெள்ளிக்கு இப்படிப்பட்ட பண்டம் மலிவு என்றே இன்றும் எண்ணுகிறோம்.

தோழரின் சூத்திரத்தில் விடுபட்டிருப்பது இதுதான் என்று நமக்குத் தோன்றுகின்றது. அதில் இரண்டே நிலைகள் உள்ளன: சலாம் போடுகிற நிலை, 12,60,000 வெள்ளி சேர்ந்த நிலை. நடுவில் இன்னொரு தொகை இருக்கின்றது. நம் வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுவோம். வாடகையுடன் ஓராண்டுச் செலவு 50,400. துணைவியார் கைக்கு வரும் சம்பளம் ஆண்டுக்கு 18,000. குறைவது 32,400 வெள்ளி. அவ்வளவு கையில் இருந்தால் ஓராண்டு காலம் வேறு வேலை தேடலாம். தேடலாம் என்னும் எண்ணமே பேனாவைத் தாங்கி நிற்கும். நமக்குத் தேவையான விடுதலையில் முக்காற்பங்கு இச்சிறு தொகையிலேயே அடங்கியிருக்கின்றது. மிச்சமுள்ள காற்பங்குக்கு, அதாவது காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டுக்குப் போகாமல் படுத்திருக்கும் இன்பத்துக்கு, இன்னும் இருபத்தைந்து ஆண்டு கஞ்சத்தனம் செய்யவேண்டும். அதற்காக மகளின் நீச்சல் வகுப்பையும் தந்தையாருக்கு அனுப்பும் பணத்தையும் வெட்டுவதற்கு நாம் உடன்படவில்லை. சம்பாதித்துக்கொண்டே இருப்போம், ஆனால் விலகக் கூடியவனாக இருந்துகொண்டு சம்பாதிப்போம்.

இதனைப் பெருமையுடன் துணைவியாரிடம் விளக்கினோம். அவர் சம்பளமின்றி அந்த 32,400 நிற்காது என்பதை அவரே சுட்டிக்காட்டினார். நாம் அதனை ஒரு வரியில் கழித்துவிட்டுப் போயிருந்தோம். பின்னும் ஒன்று கேட்டார். "நீங்கள் அறுபதிலோ ஐம்பத்தைந்திலோ விலகுங்கள். அடுப்பினின்றும் நான் விலகுவது எந்த வயதில்? அதற்கு எத்தனை மடங்கு?" பெங்கனும் பேராசிரியர் மூவரும் இதனை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அன்று முதல் இரவுச் சமையலும் பாத்திரமும் நம் பொறுப்பு. நம் சாம்பாரில் புளி கூடிவிடுகின்றது என்று மகள் குறை சொல்லுகிறாள்.

தோழருக்கு இரண்டு தொகைகளை எழுதி அனுப்பினோம்: வேலை போனால் ஓராண்டைக் கடத்த 32,400, வீடு வாங்க முன்பணம் 25,000. "இது ஓய்வுத் திட்டமே அல்ல" என்று விடை எழுதியிருக்கிறார். இருக்கலாம். கையிலுள்ள 41,000-இல் முதல் தொகையைத் தொடாமல் ஒதுக்கினால் வீட்டுக்கு நிற்பது 8,600. சேமநிதியினின்றும் வீட்டுக்கென எடுக்கக்கூடிய பகுதியைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான தாள்களை அடுத்த சம்பள நாள் கழிந்த பின்னர்த் துணைவியார் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், கணக்கை நம்மிடம் விட்டால் மறுபடியும் ஒரு வரி விடுபட்டுப் போகும் என்று.